பதினோரு ஓட்டையும் தொண்ணூறு நாள் கேரண்டியும்

டிராம் நின்றுபோன வருஷம் காசிமேட்டுச் சிலுவையம்மாள் வேன் வாங்கினாள். டிராமை நிறுத்தியவர்கள் அவளைக் கேட்டுக்கொண்டு நிறுத்தவில்லை. கேட்டிருந்தால் நாலு தலைமுறைக்கும் மறக்காத பதிலாகச் சொல்லி அனுப்பியிருப்பாள். டிராமிலாவது கண்டக்டரிடம் வாய் கொடுத்துக் கெஞ்சி, அதட்டி, மீன்கூடையை ஒரு மூலையில் ஏற்றிவிடலாம். பஸ்காரனோ கூடையைக் கண்ட தூரத்திலேயே வேகத்தைக் கூட்டினான். ஆகவே காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் வரைக்கும் நடைதான்.

முப்பது வருஷம் கூடை சுமந்த கழுத்து அவளுக்கு. அது இடது பக்கம் திரும்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. இடது பக்கம் நிற்பவனிடம் பேச வேண்டுமானால் மொத்த உடம்பையும் திருப்புவாள். திட்டு வாங்கப் போகிறவனுக்கு அதற்குள் ஓடிவிட அவகாசம் கிடைக்கும். செத்துப்போன புருஷனுடைய இரண்டு படகையும் விற்று மவுண்ட் ரோடு கம்பெனியில் டன்மோர் வேன் ஒன்றை எடுத்த அன்று, கரையில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "இனிமே இந்தக் கூட என் தலைல ஏறாது. ஏறிச்சின்னா அது என்னோட சாவுக்கு அடையாளம்னு வெச்சுக்கோ."

ஓட்டுவதற்கு அவளுடைய தம்பி பாஸ்கல் இருந்தான். சண்டைக் காலத்தில் பட்டாள லாரி ஓட்டியவன். பட்டாளத்தில் ஓட்டுகிறவன் ஓட்டுவான், வண்டிக்கு எண்ணெய் போடுகிறவன் வேறு ஆள். இந்த ஒரு விஷயத்தை யாராவது அன்றைக்கே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

வண்டியைக் கொடுத்தபோது கம்பெனி இன்ஜினீயர் திருமலை ஒரு தாளையும் கொடுத்தார். திருவல்லிக்கேணிக்காரர், ஒல்லியான மனுஷர், நெற்றியில் மெல்லிய கோடு. தாளில் இருந்த இங்கிலீஷைத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். தொண்ணூறு நாள் அல்லது நாலாயிரம் மைல், எது முந்துகிறதோ அதுவரை கேரண்டி. செய்த இடத்துக் கோளாறால் ஏதாவது உடைந்தால் கம்பெனி புதுசு போட்டுத் தரும். வண்டியில் நீங்கள் ஏதாவது மாற்றி, அந்த மாற்றத்தால் உடைந்தால் தராது. ஆயிரம் மைல் ஆனதும் எண்ணெய் மாற்ற இங்கே கொண்டுவர வேண்டும். சிலுவையம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் தாளுக்குச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

மறுநாளே வண்டியை மாற்ற ஆரம்பித்தார்கள். அதில் தப்பு ஒன்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. புதுப் படகு வந்தாலும் வாங்கினவன் தன் கைக்குத் தோதாக நாலு இடத்தில் செதுக்குவான், நாலு இடத்தில் கட்டுவான். வந்தது வந்தபடி கடலில் இறக்குகிறவனை யார் மீன்காரன் என்பார்கள்?

முதல் காரியம் தரையில் ஓட்டை. இருபது கூடை மீனுக்கு இருபது கூடைப் பனிக்கட்டி. அது உருகி வண்டிக்குள்ளேயே நின்றது. பாஸ்கல் கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவன். கட்டுமரத்தில் தண்ணீர் கட்டை இடுக்கில் வரும், இடுக்கிலேயே போகும், தங்காது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற வாகனம் எதுவும் அவன் பார்வையில் செய்யத் தெரியாதவன் செய்தது. பன்னிரண்டு அப்போஸ்தலர் கணக்கில் பன்னிரண்டு ஓட்டை போடத்தான் உட்கார்ந்தான். பதினோராவது முடிந்ததும் துளைக்கிற ஊசி முறிந்தது. யூதாசைக் கழித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று அக்காள் சமாதானம் சொன்னாள்.

இரண்டாவது, பின்பக்கத்தில் பாரம் தாங்குகிற வில்லுக்குத் தண்டையார்பேட்டைக் கொல்லனிடம் கூடுதலாக ஒரு பட்டை போட்டது. மூன்றாவது, உப்புக்காற்றில் ஊமையாகப்போன மின்சார ஹாரனைப் பிடுங்கிவிட்டு ரப்பர் பந்து ஹாரன் வைத்தது. நான்காவது, வண்டி மூக்கில் ஒரு பித்தளைச் சிலுவையைத் திருகியது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர்மீதும் இரண்டு சொட்டு பனித்தண்ணீர் தெறித்தது.

ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு. அது பாஸ்கலுக்கு மட்டும் தெரியும்.

ஆயிரம் மைல் ஆனபோது எண்ணெய் மாற்ற மவுண்ட் ரோடு போகவேண்டும். போனால் ஒரு நாள் வண்டி அங்கே நிற்கும். அந்த ஒரு நாள் கூடை அக்காள் தலையில் ஏறும். பாஸ்கலுக்கு மனசு கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின் அச்சில் பல்சக்கரம் இருக்கிற பெட்டியின் திருகைக் கழற்றினான். கறுப்பாக, கெட்டியாக, நாற்றமாக ஒன்று வடிந்தது. இந்தக் கலீஜையா இத்தனை விலை கொடுத்த வண்டிக்குள் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு ஆத்திரமே வந்தது. வீட்டில் முதல் தரமான சுறா எண்ணெய் இருந்தது. படகுக்கு அதுதான், கயிற்றுக்கு அதுதான், அக்காள் கழுத்துக்கு இரவில் தேய்ப்பதும் அதுதான். மிச்சம் வைக்காமல் ஊற்றினான். அன்றைக்கு அவனைப்போல நிம்மதியாகத் தூங்கியவன் காசிமேட்டில் கிடையாது.

ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் யானைக்கவுனிப் பாலத்தை நெருங்கியதும் பின் அச்சு பெரிய சத்தம் போட்டது. அதற்குப் பிறகு இன்ஜின் ஓடிற்று, வண்டி ஓடவில்லை. நின்ற இடம் சௌகார்பேட்டைச் சேட்டுமார்களின் வாசல். வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பங்கள். உள்ளே இருபத்திரண்டு கூடை வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும். பதினோரு ஓட்டையும் தங்கள் கடமையைத் தவறாமல் செய்தன. கால் மணி நேரத்துக்குள், கேட்காமலே, முப்பது பேர் வந்து வண்டியைத் தள்ளிக்கொடுத்தார்கள். அடுத்த தெருக்காரர்கள் தங்கள் பங்குக்கு அடுத்த தெருவரை தள்ளினார்கள். அவ்வளவு உதவி மனப்பான்மையை பாஸ்கல் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

சிலுவையம்மாள் முந்தானையைக் கிழித்துச் சும்மாடு சுற்றினாள். ஒரு கூடையை எடுத்துத் தலையில் வைத்தாள். "கேரண்டி கீதுடா, பேஜாராவாத" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்தாள்.

மூன்றாம் நாள் திருமலை காசிமேட்டுக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை. தள்ளியே கரைக்குக் கொண்டுவந்திருந்த வண்டிக்கு அடியில் அவர் ஆட்களை அனுப்பி பல்சக்கரப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பல் போன சக்கரம் இரண்டு வெளியே வந்தன, கூடவே கருகிய எண்ணெயும். திருமலை கைக்குட்டையை எடுத்துவிட்டு விரலில் அந்த எண்ணெயைத் தொட்டு வெயிலில் பார்த்தார். மோந்தார். மோந்து பிரயோசனமில்லை. அந்த வண்டியில் எந்த இடத்தை மோந்தாலும் மீன்தான் மணக்கும்.

"எண்ணெய் எங்கே மாத்தினேள்?"

"மாத்தல சார். கம்பெனி ஊத்தினதுதான்." அது பாஸ்கல் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப உள்ளே போக மறுத்தது.

திருமலை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓட்டைகளை எண்ணினார், வில்லின் பட்டைகளை எண்ணினார், ஹாரனை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார், சிலுவைக்கு முன்னால் மரியாதையாக நின்று அதன் உயரத்தை அளந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் கம்பெனிக் கடிதம் வந்தது. கோயில் கணக்குப்பிள்ளை அதைப் படித்துச் சொன்னார். தரையில் பதினோரு துளை. வில்லில் கூடுதல் பட்டை. வேறு ஹாரன். முகப்பில் மத சம்பந்தமான பித்தளைப் பொருள். இந்த நான்கு மாற்றங்களால் கேரண்டி ரத்தாகிறது. அவ்வளவுதான் கடிதம். ஐந்தாவது இல்லை. பாஸ்கலுக்கு முதலில் மூச்சு வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகாவது அவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவனை நான் சொல்லவில்லை. புயலில் மூன்று நாள் கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்தவன்தான். கடலுக்குப் பயப்படாதவன் அக்காளுக்குப் பயந்தான், அவ்வளவுதான்.

சிலுவையம்மாள் தினமும் விடியலில் கூடையோடு போனாள். மத்தியானம் வெறுங்கூடையோடு வந்தாள். அந்தக் கரையில் கடலுக்குப் போவது ஆம்பிளை, கூடை தூக்குவது பொம்பிளை. ஆம்பிளை தலையில் மீன்கூடை ஏறினால் கரை முழுக்கக் கைகொட்டும். அதனால் பாஸ்கல் ஓடாத வண்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினைந்தாம் நாளுக்குமேல் அக்காளின் கழுத்து வலது பக்கமும் திரும்ப யோசித்தது. ராத்திரி அவள் எண்ணெய் கேட்டாள். தீர்ந்துபோயிற்று என்றான். அது மட்டும் உண்மை.

இருபதாம் நாள் அவள் சட்டத்திலிருந்து கேரண்டித் தாளைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகினாள். "வாடா, தொரையப் பாத்துட்டு வர்லாம்" என்றாள்.

மவுண்ட் ரோடு கம்பெனியின் மேனேஜர் மாடியில் இருந்தார். கோட்டு போட்ட தமிழர். ஏழையிடம் பேசும்போது குரலை இன்னும் மெல்லியதாக்கிக்கொள்கிற வகை. பக்கத்தில் திருமலை ஃபைலோடு நின்றார். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் சிலுவையம்மாள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார மாட்டாள் என்று எதிர்பார்த்துத்தான் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, புது வண்டியில் பதினோரு ஓட்டை போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படி கேரண்டி கேக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

சிலுவையம்மாள் மொத்த உடம்பையும் அவர் பக்கம் திருப்பினாள். "தொர, உனுக்குப் பொண்ணு கீதா?"

"இருக்கு."

"காது குத்திட்டியா?"

"குத்தியாச்சு."

"நாளைக்கி அது கால ஒடச்சுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவுது. டாக்டரு காதப் பாக்கறாரு. ஏம்மா, ஒடம்புல ரெண்டு ஓட்ட போட்டுக்கினு வந்து கட்டுப் போடச் சொல்றியே, போ வூட்டுக்குன்றாரு. நீ சும்மா வுடுவியா?"

திருமலை ஃபைலை முகத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

"அது வேற, இது வேற" என்றார் மேனேஜர்.

"இன்னா வேற? ஓட்ட மேல, அச்சு கீய. தண்ணி போன வயில அச்சு ஏன் ஒடையுது? வில்லுல ஒரு பட்ட கூட்னோம். தாங்கற கை ஒண்ணு கூடிச்சின்னா பாரம் கொறையுமா, ஏறுமா? ஹாரன் சத்தத்துல பல்லு கொட்டிடுச்சா? இல்ல, ஏசு பாரம் தாங்காம ஒடஞ்சிச்சுன்னு சொல்றியா? சொல்லு, சாமியாராண்ட எயுதிக் குடுக்கறேன்." இடுப்பிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்த வரி என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு மஞ்சள் தடவி வைத்திருந்தாள். "மாத்தினா இல்லன்னு இதுல போடல. மாத்தினதால ஒடஞ்சா இல்லன்னு போட்டுக்கீது. எங்க கைபட்டு ஒடஞ்சிச்சுன்னா காட்டு. ஒரு வார்த்த பேசாம எறங்கிப் போறேன்."

மேனேஜர் மஞ்சள் வரியைப் படித்தார். தான் விற்கிற வண்டியின் தாளை அவர் முழுக்கப் படித்தது அன்றுதான் என்று தோன்றியது. "திருமலை, இந்த நாலில் எதனால உடைஞ்சுது?"

"இந்த நாலிலே எதனாலயும் இல்லை, சார்."

மேனேஜர் ஒரு தாளை இழுத்து எழுதிக்கொண்டே, கம்பெனி எப்போதுமே நியாயத்தின் பக்கம்தான் என்று சொன்னார். புதுப் பல்சக்கரம் திங்கட்கிழமை போட்டுத் தரப்படும். டிரைவர் மட்டும் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டும். வேறு எந்தக் காரணமும் தனக்குத் தெரியாது என்று கடவுள் மேல் ஆணையாக ஒரு வரி, வழக்கமான தாள்தான்.

பாஸ்கல் பேனாவை வாங்கினான். அக்காளின் முகத்தைப் பார்த்தான். இருபது நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் அதில் இருந்தது. பெரிய கட்டடத்தில் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டு போட்டவனைப் பேச்சில் ஜெயித்திருக்கிறாள். அவளைப் பார்க்க அவனுக்குப் பெருமையாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்தான்.

"நான்தான் சார் ஒடச்சேன். பல்சக்கரப் பொட்டில மீன் எண்ண ஊத்தினேன்."

மேனேஜர் மெதுவாகத் திருமலையைப் பார்த்தார். திருமலை கூரையைப் பார்த்தார். ஃபைலில் திருமலையின் முதல் அறிக்கை இருந்தது. அதில் முதல் காரணமாக மீன் எண்ணெய் என்றே எழுதி, அதற்கு மேல் நீலப் பென்சிலில் தடிமனாக ஒரு கோடு அடித்திருந்தது. எந்த மடையனும் பல்சக்கரத்துக்கு மீன் எண்ணெய் ஊற்ற மாட்டான், இதை பம்பாய் ஹெட் ஆபீசுக்கு எழுதினால் சிரிப்பார்கள், ஓட்டையை எழுதும் என்று பக்கத்தில் குறிப்பு. பென்சில் மேனேஜருடையது.

"உங்க தம்பி பயந்துட்டார்மா" என்றார் மேனேஜர். "கையெழுத்துன்னா சில பேருக்கு அப்படித்தான். வாக்குமூலம் வேண்டாம், விடுங்க."

"பயப்படல சார். ரெண்டு படி ஊத்தினேன். சுறா எண்ண."

"சரிப்பா, சரி. தண்ணி குடி."

சிலுவையம்மாள் எழுந்தாள். "தொர, அவன் பொய் பேசல. கண்ணப் பாத்தாத் தெரியுது. எங்களுக்கு சக்கரம் வாணாம்."

ஆனால் கேரண்டி உண்டு என்று மேனேஜர் ஏற்கெனவே தாளில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார். அடித்து எழுதினால் பம்பாய்க்கு விளக்கம் சொல்லவேண்டும். விளக்கம் சொன்னால் நீலப் பென்சிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கொடுக்க மாட்டேன் என்பதற்கு நாலு காரணம் வைத்திருந்த கம்பெனி, கொடுத்ததைத் திரும்ப வாங்க ஒரு காரணத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. "திங்கட்கிழமை" என்று மேனேஜர் மறுபடி சொன்னார். திருமலை அவர்களை மாடிப்படிவரை கொண்டுவந்து விட்டார். பாஸ்கல் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். எந்த எண்ணெய், எத்தனை அளவு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

படியில் பாதி இறங்கி அக்காள் நின்றாள்.

"எப்பத் தெரியும் உனுக்கு?"

"பொட்டியத் தொறந்த அன்னிக்கி."

"அப்ப மூணாம் நாளே தெரியும்."

"தெரியும்கா."

"நான் தெனமும் கூட தூக்கினு போனேனே. நீ வாசல்ல குந்திக்கினு பாத்துக்கினு கீந்தியே. அப்பவும் தெரியும்."

அவன் தலையாட்டினான். அவள் அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவள் சேலையால் கழுத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள். காசிமேடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் சோறு போட்டாள், பேசவில்லை. சிலுவையம்மாள் பேசாத வீடு எப்படியிருக்கும் என்று அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவே மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் கரைக்கு வந்தபோது கூடை இடத்தில் இல்லை. கொஞ்ச தூரத்தில், வலை இழுத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் வலையை விட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா பாஸ்கலு, சேலையும் கட்டிக்கினு போறதுதானே!" என்றான் ஒருவன். மற்றொருவன் குலவை இட்டுக் காட்டினான். பாஸ்கல் சும்மாடு சுற்றி, கூடையைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அலையில் நடப்பவனைப் போலத் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தான். பனித்தண்ணீர் முகத்தில் வழிந்தது. அதில் கண்ணீர் எது என்று தெரியவில்லை, அவனும் தெரியவிடவில்லை.

சிலுவையம்மாள் சிரித்தவர்கள் பக்கம் மொத்த உடம்பையும் திருப்பினாள். அவர்கள் வலையை எடுத்துக்கொண்டார்கள். பிறகு தம்பிக்கு நாலடி பின்னால் வெறுங்கையோடு நடக்க ஆரம்பித்தாள். ராயபுரம் போயிற்று, கல்மண்டபம் போயிற்று, ஜனங்கள் நின்று பார்த்தார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. யானைக்கவுனிப் பாலம் ஏறும்போது அவன் தலை இடது பக்கமாகச் சாய்ந்தது. அவள் இரண்டு எட்டில் பக்கத்தில் வந்து, அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"கயுத்த நேரா வெச்சிக்கடா" என்றாள். "இப்புடி சாச்சுத்தான் நான் கெடுத்துக்கினேன்."